என் பேத்தி படிக்க விரும்பும் படிப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் தாங்கள் வெளியிட்ட உயர்கல்வி இணைப்பை மகள்வழிப் பேத்திக்காக வரி விடாமல் படித்தேன். பொறியியல், மருத்துவம், வேளாண்மை, ஜவுளித் தொழில்நுட்பம் எல்லாம் இருந்தன. அவள் விரும்பும் துறையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பயங்கரவாதம் ஏன் உருவாகிறது என்று ஆராய வேண்டும் என்கிறாள். ஒரு சீர் வீட்டில் இதைச் சொன்னபோது, "போலீஸ் வேலைக்கா போகப் போகிறாய், கண்ணு?" என்று கேட்டார்கள்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மார்த்தா கிரென்ஷா என்ற அமெரிக்கப் பேராசிரியரைப் பற்றி "கேளுங்கள் அப்புச்சி" என்று அவள் உட்காரவைத்துச் சொன்ன பிறகே தெளிந்தேன். பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து 1954 முதல் 1962 வரை அல்ஜீரியாவில் போரிட்ட தேசிய விடுதலை முன்னணியைத்தான் அவர் முதலில் ஆராய்ந்தார். 1973இல் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம், பிறகு வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆசிரியப் பணி, 2007இல் ஸ்டான்ஃபோர்டு. 1981இல் எழுதிய கட்டுரையில், நெடுநாள் புகைந்துகொண்டிருக்கும் காரணங்களையும் உடனே பற்றவைக்கும் நிகழ்வையும் தனித்தனியே பிரித்துக் காட்டினார். குண்டு வைப்பவர்கள் மனநோயாளிகள் என்ற பேச்சை அவர் ஏற்கவில்லை. அவர்களிடம் பொதுவாகக் காணப்படுவது இயல்பான மனிதர்களாக இருப்பதுதான் என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 1998 பிப்ரவரி 14 அன்று கோவை ஒப்பணக்காரத் தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அன்றைய தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் மாண்டார்கள். இருநூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அன்றிரவு பஸ் கிடைக்காமல் வீடு வரை நடந்தே போனேன். யார் செய்தது என்பதை நீதிமன்றம் விசாரித்தது, விசாரணை ஆணையமும் விசாரித்தது. ஆனால் அதற்கு இரண்டரை மாதம் முன்பு, 1997 நவம்பர் இறுதியில், போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். தொடர்ந்த கலவரத்தில் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தார்கள். அந்த நாட்களுக்குப் பிறகு எங்கள் தெருவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்தார்கள். அது எப்படி நேர்ந்தது, யார் எதைச் சொல்லிப் பிரித்தார்கள் என்று இன்றுவரை ஓர் ஆய்வாளரும் என்னிடம் வந்து கேட்டதில்லை. அன்று கூட வேலை பார்த்தவர்களில் பலர் இப்போது இல்லை. இருப்பவர்கள் சொல்வதைக் கேட்க, கோட்டைமேட்டிலும் உக்கடத்திலும் டவுன்ஹாலிலும் பேசும் தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாதுகாப்பு, போர்த்திறன் ஆய்வுகளுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. அங்கே போய்ச் சேர இளங்கலையில் எந்தப் பாடம் எடுக்க வேண்டும், வேறு எந்த மொழிகளைக் கற்க வேண்டும், ஆய்வு உதவித்தொகை பெறுவது எப்படி, படித்து முடித்தவர்கள் எங்கெல்லாம் பணியில் இருக்கிறார்கள் என்று அடுத்த இணைப்பில் அரைப் பக்கமாவது எழுதுங்கள். பிளஸ் டூ தேர்வு முடிவு வந்ததும் கல்லூரி விண்ணப்பத்தில் அவள் பாடத்தைக் குறிப்பிட்டாக வேண்டும். அவள் அப்பா இன்னும் பொறியியல்தான் என்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பொள்ளாச்சி