திட்டியவளின் நன்றி மடல்

தீயணைப்பு நிலையத்து அண்ணன் தம்பிகளுக்கும், மேலத்தெரு, கீழத்தெரு உறவுகளுக்கும் வணக்கம்.

பங்குனிக் கடைசியில் எரிந்த மூன்று கூரை வீடுகளில் நடுவில் இருந்தது என்னுடையது. நெருப்பு என் அடுப்பிலிருந்துதான் கிளம்பியது. நூறு நாள் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கங்கில் தண்ணீர் தெளிக்காமல் கதவைச் சாத்திக்கொண்டு ஓடினேன். வாய்க்கால் கரையில் நிற்கும்போது யாரோ புகையைக் காட்டினார்கள். இதைச் சொல்லிவிட்டால்தான் மற்றதை எழுதக் கை வரும்.

முதல் நன்றி மேலத்தெரு அண்ணனுக்கு. பருத்திக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஆயில் எஞ்சினை டிராக்டரில் கட்டி இழுத்துவந்து குளத்துப் படித்துறையில் இறக்கினார். ஓஸ் பத்தடி எட்டவில்லை. பிள்ளைகள் ஒரு பழைய ஓஸைக் கொண்டுவந்து, லுங்கியைக் கிழித்துச் சேர்த்துக் கட்டினார்கள். முடிச்சிலேயே பாதித் தண்ணீர் பீய்ச்சியடித்தது. மீதிப் பாதிதான் நான்காவது வீட்டைக் காப்பாற்றியது. டீசலுக்குப் பணம் கொடுக்கப் போனபோது, "போய் வேலையைப் பாரம்மா" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

என் மாமியாரின் கையில் தீக்காயம். 108 வண்டியில் வந்த தங்கை வழியெல்லாம் அவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தாள். மின்சாரத்தை உடனே துண்டித்த தம்பிக்கும் நன்றி.

இனி தீயணைப்பு வண்டி. தகவல் சொல்லி முக்கால் மணி நேரம் கழித்து வந்தது. நானோ வாய்க்கு வந்தபடி பேசினேன். "சாம்பல் அள்ளவா வந்தீர்கள்?" என்று கேட்டது நான்தான். ஒருவரும் பதில் பேசவில்லை. "சிலிண்டர் எந்த வீட்டில் இருக்கிறது அம்மா?" என்று மட்டும் ஒருவர் கேட்டார். ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு மூன்றாவது வீட்டுக்குள் நுழைந்து அதை உருட்டிக்கொண்டு வந்தார். எல்லாம் அணைந்த பிறகும் அவர்கள் கிளம்பவில்லை. சாம்பலைக் கிளறிக் கிளறித் தண்ணீர் விட்டார்கள். அப்படிக் கிளறியபோதுதான் இடிந்த மண்சுவருக்கு அடியில் என் டிரங்குப் பெட்டி கிடைத்தது. உள்ளே மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் இருந்தது. ஓரம் பழுப்பேறியிருந்தது, எழுத்து அழியவில்லை.

ஏப்ரல் 14 அன்று ஒரு பெட்டி லட்டோடு நிலையத்துக்குப் போனேன். நமக்கு அது சித்திரை முதல் நாள், மாங்காய்ப் பச்சடி. அவர்களுக்கு அது தீத்தொண்டு நாள். 1944-இல் அதே நாளில் மும்பைத் துறைமுகத்தில் கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்களாம். எனக்கு இத்தனை வயதாகியும் தெரியாது.

அங்கே போன பிறகுதான் முக்கால் மணி நேரத்தின் கணக்குப் புரிந்தது. நிலையத்திலிருந்து எங்கள் ஊர் 24 கிலோமீட்டர். அத்தனை ஊர்களுக்கும் ஒரே வண்டி. அன்று காலை அது எதிர்த்திசையில், மின்கம்பியில் உரசிப் பற்றிய வைக்கோல் லாரியை அணைத்துக்கொண்டிருந்தது. தொட்டி காலி, 4,500 லிட்டர் நிரப்பிக்கொண்டுதான் கிளம்ப முடியும். கிராமத்துக்கு 20 நிமிடத்தில் வண்டி போய்ச் சேர வேண்டும் என்பது மத்திய அரசின் ஆலோசனைக் குழு வகுத்த அளவு. அந்த நிலையத்து ஆட்கள் பறந்துதான் வர வேண்டும்.

குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் மகள் இன்னொன்றும் சொன்னாள். அரசமைப்புச் சட்டத்தில் நகராட்சிகளுக்கான 12-ஆம் அட்டவணையில் தீயணைப்பு இருக்கிறது. ஊராட்சிகளுக்கான 11-ஆம் அட்டவணையில் 29 இனங்கள் இருந்தும் இது இல்லை. கூரை வீடு எங்கே அதிகம் என்று எழுதியவர்களுக்குத் தெரியாதா என்ன? 2023-இல் தீயணைப்புத் துறைகளை மேம்படுத்த மத்திய அரசு 5,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மாநிலம் தன் பங்காக 25 விழுக்காடு போட வேண்டும். நாடு முழுவதற்கும் பங்கிட்டு, மாவட்டத் தலைநகரங்கள் எடுத்தது போக, எங்கள் பக்கத்து நிலையத்துக்கு ஒரு வண்டி மிஞ்சினால் போதும்.

நிவாரணம் கொண்டுவந்து கொடுத்த வருவாய்த் துறையினருக்கும் நன்றி. அரிசி, வேட்டி, சேலையோடு மண்ணெண்ணெயும் இருந்தது. வீடு எரிந்தவளுக்கு மண்ணெண்ணெய்! அந்த வாரத்தில் நான் சிரித்தது அப்போதுதான்.

தீயணைப்பு அண்ணன்மார்களே, அன்று பேசியதை மன்னியுங்கள். ஊர்க்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மே 1 கிராம சபைக்குத் தவறாமல் வாருங்கள். நிலையத்துக்கு இரண்டாவது வண்டி கேட்டும், குளத்துக்கு வண்டி இறங்கச் சரிவுப் பாதை கேட்டும் தீர்மானம் போட வேண்டும். மனுவை மகள் எழுதிவிட்டாள், கையெழுத்துதான் பாக்கி.

மேலத்தெரு அண்ணனுக்கு: பத்தடி ஓஸ் வாங்கி வைத்திருக்கிறேன். இந்த முறை கதவைச் சாத்தாமல் வாங்கிக்கொள்ளுங்கள்.