ரீசார்ஜை ஆசைப் பட்டியலில் இருந்து எடுங்கள்

எங்கள் ஊர் சமுதாயக் கூடத்தில் நிதி எழுத்தறிவு முகாம் நடத்தும் வங்கி அதிகாரிகளுக்கு,

வணக்கம். அடுத்த முகாமுக்கு எங்கள் மகளிர் குழுவுக்கு அழைப்பு வந்திருக்கிறது. போன தடவை சுவரில் மாட்டிய அட்டையையே மறுபடியும் கொண்டுவரப் போகிறீர்கள் என்றால், அதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். அரிசி, வாடகை, மருந்து எல்லாம் தேவை. பூ, டீ, செல்போன் ரீசார்ஜ் எல்லாம் ஆசை என்று அதில் எழுதியிருந்தீர்கள். ரீசார்ஜைத் தேவைப் பக்கம் மாற்றுங்கள். இதுதான் என் கோரிக்கை.

எங்கள் குழுவில் ஓர் அக்கா, சித்தாள் வேலைக்குப் போகிறவர். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். உங்கள் பேச்சை மதித்து அந்த மாதம் ரீசார்ஜ் போடாமல் விட்டார். கொஞ்ச நாளில் வருகிற அழைப்பும் நின்றுபோனது. மறுநாள் எங்கே வேலை என்பதை மேஸ்திரி ராத்திரி போனில்தான் சொல்வார். கூப்பிட்டுப் பார்த்து, கிடைக்கவில்லை என்றதும் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார். அந்த வாரம் அக்காவுக்குக் கூலியே இல்லை. அதே வாரம் காஸ் சிலிண்டரும் வந்தது. ஓடிபி வராததால் வந்த வண்டியிலேயே திரும்பிப் போனது. பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டு அடுப்பில் சோறு வடித்தார்.

எங்கள் கணக்கில் பணம் ஏறினாலும் இறங்கினாலும் உங்கள் வங்கி செய்தி அனுப்புவது அந்த எண்ணுக்குத்தான். அந்தச் செய்திக்கும் எங்களிடமே கட்டணம் பிடிக்கிறீர்கள். பிறகு ரீசார்ஜ் எப்படி ஆசையாகும்?

மிச்சம் பிடிக்க உண்மையிலேயே வழி இருக்கிறது. 28 நாள் திட்டம் போட்டால் வருடத்துக்கு 13 தடவை பணம் கட்ட வேண்டும். 2024 ஜூலையில் தனியார் செல்போன் நிறுவனங்கள் கட்டணத்தையும் ஏற்றிவிட்டன. அதே ஆண்டு டிசம்பரில், இணையம் இல்லாமல் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் தனித் திட்டம் தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டது. பட்டன் போன் வைத்திருக்கும் எங்கள் பெண்கள் பலருக்கு இது தெரியாது. முகாமில் சொல்ல வேண்டியது இதைத்தானே?

வெயிலில் செங்கல் சுமக்கிறவர் குடிக்கும் ஒரு டீயைக் கணக்குப் பார்க்கிறீர்கள். வாரத் தவணை வாங்க வாசலில் வந்து உட்காருகிறவர்களின் வட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வாடகை ஏறிய அளவுக்குக் கூலி ஏறவில்லை என்பதையும் பேசவில்லை. பூ வாங்குவதை நிறுத்தினால் எங்கள் குடும்பக் கடன் அடையாது, ஐயா.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து அந்த அட்டையைத் திருத்தி எடுத்து வாருங்கள். எந்தத் திட்டம் மலிவு என்று விசாரித்துக்கொண்டும் வாருங்கள். எங்கள் குழுவில் எல்லோரும் வருகிறோம்.

இப்படிக்கு,
மகளிர் குழு உறுப்பினர்