அடித்தல் திருத்தலுக்கு ஒரு பக்கம்

இராமநாதபுரம் கடலோரப் பள்ளிகளில் தமிழ் நடத்தும் ஐயாக்களுக்கும் அம்மாக்களுக்கும்,

வணக்கம்.

"அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுக." இருபத்தேழு வருடம் இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டவன் நான். கிறுக்கி அடித்திருந்த நோட்டைத் தூக்கிக் காட்டி வகுப்பையே சிரிக்க வைத்ததும் உண்டு. ஓய்வு பெற்றபின் அந்த உறுத்தலில்தான் இந்த மடல்.

பாம்பன் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பு. இயற்கையைப் பற்றி எழுதச் சொன்னேன். சலசலக்கும் அருவி, பச்சைப் பட்டு விரித்த வயல், கூவும் குயில் என்று பிழையே இல்லாமல் இரண்டு பக்கம். ராமேசுவரம் தீவில் அருவிக்கு எங்கே போவது? கைடில் இருந்தது, நோட்டுக்கு வந்துவிட்டது. நானும் பத்துக்கு எட்டு போட்டேன்.

அதே பிள்ளை மதியச் சாப்பாட்டின்போது தோழியிடம் பேசிக்கொண்டிருந்தாள். அம்மா கடலில் பாசி எடுக்கப் போவது, பாறை கிழிக்காமல் விரல்களில் துணி சுற்றிக்கொள்வது, மரிக்கொழுந்துப் பாசி காயும்போது வீடெல்லாம் அடிக்கும் வாடை. "இதை எழுதேம்மா" என்றேன். "இதையெல்லாம் எழுதலாமா ஐயா?" என்றாள்.

எழுதினாள், மூன்றே வரி. 'என் அம்மா பாசி எடுக்கிறார். அது கடினமான தொழில். உழைப்பை மதிப்போம்.' எனக்கு மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. சிவப்பு மை வைத்திருந்த எனக்குக் கேள்வி கேட்க வரவில்லை. தோழிதான் கேட்டாள்: "எந்த விரல்ல முதல்ல சுத்துவாங்க?" அதற்குப் பிறகு பென்சில் நிற்கவில்லை. பக்கமெல்லாம் அடித்தல், அம்புக்குறி, ஓரத்தில் ஒட்டிய வரிகள். நான் அத்தனை நாளும் அசிங்கம் என்று சொல்லிவந்த அந்தப் பக்கம்தான் அவள் முதன்முதலாக எழுதிய பக்கம்.

1971இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவில் ஜேனட் எமிக் என்ற கல்வி ஆய்வாளர் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் எட்டுப் பேரை, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதச் சொல்லிக் கவனித்தார். பள்ளிக்காக எழுதும்போது அவர்கள் திரும்பப் படித்துத் திருத்துவது அரிதாகவே இருந்தது. நம் பிள்ளைகள் மட்டும் திருத்துவார்களா? திருத்தினால்தான் திட்டுகிறோமே!

நான் கேட்பது பெரிதில்லை. கட்டுரை நோட்டின் இடப்பக்கத்தைக் கிறுக்குவதற்கு விடுங்கள். அங்கே சிவப்பு மை போகக் கூடாது. முதலில் பேசட்டும், பிறகு கிறுக்கட்டும், பக்கத்துப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டட்டும். கேட்கிற பிள்ளை "நல்லா இருக்கு" என்று சொல்லித் தப்பிக்காமல் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். அதற்குப் பதில் சேர்த்து வலப்பக்கத்தில் திரும்ப எழுதட்டும். 'வலை'யை 'வளை' என்று எழுதியிருந்தால் அதுவரை பொறுத்திருங்கள். எழுத்துப்பிழை கடைசி வேலை.

பாடம் முடியாது என்பீர்கள். வருடத்துக்குப் பத்துக் கட்டுரைக்குப் பதில் நாலு போதும். பத்தாம் வகுப்புத் தேர்வில் இரண்டாம் முறை எழுத நேரம் கிடையாது, அதுவும் சரி. ஆனால் அங்கே குறிப்பைக் கையில் கொடுத்துத்தான் கட்டுரை கேட்கிறார்கள். தானே குறிப்புச் சேர்த்துப் பழகிய பிள்ளை அதைக் கண்டு முழிக்காது.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஜூனில் பள்ளி திறக்கும்போது விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். 'விடுமுறையை எப்படிக் கழித்தேன்' என்பதை விட்டுவிட்டு, படகைக் கடலில் இறக்க வீட்டில் என்ன வேலை நடக்கிறது என்று கேட்டு வரச் சொல்லுங்கள்.

நாற்பத்தைந்து நோட்டை ஒரே ஆள் படிப்பது சிரமம், எனக்குத் தெரியும். சனிக்கிழமைகளில் கூப்பிட்டால் வந்து பாதியை நான் படிக்கிறேன். பேனா கொண்டு வர மாட்டேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியன் ஒருவன்