மடையைத் திறக்கும் கை

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. நடவு முடியும்வரை கை ஒழியவில்லை. ஐப்பசி மழை இம்முறை ஏமாற்றவில்லை. கண்மாய் முக்கால்வாசி பெருகிவிட்டது. அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. உன்னை விசாரித்து எழுதச் சொன்னார்.

வட்டார வளர்ச்சித் திட்டத்துக்காக ஊர்தோறும் உள்ள அமைப்புகளைப் பட்டியலெடுக்கிறாய் என்று எழுதியிருந்தாய். நீ அனுப்பிய படிவத்தில் கூட்டுறவுச் சங்கம், மகளிர் குழு, பாசன சங்கம் எல்லாம் இருக்கின்றன. கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டிக்கு மட்டும் இடமில்லை. மனம் கேட்கவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கல்லூரி விடுமுறையில் இங்கே வந்தபோது, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையில் நமக்கு முன்னே நடந்தாரே, நினைவிருக்கிறதா? அவர்தான் எங்கள் நீர்க்கட்டி. எவ்வளவு நிலம் வைத்திருப்பவரும் இங்கே தானாக மடையைத் திறக்க முடியாது. திறப்பது, அடைப்பது, வயல் வயலாகத் தண்ணீரைத் திருப்புவது, மழை இரவில் கரையில் கசிவு பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. தண்ணீர் குறைந்தால் ஊர் கூடி முறை வைக்கும். அதை நடத்துபவரும் அவரே. கூலி, அறுவடையின்போது களத்தில் அளக்கும் நெல். அவருக்குச் சொந்த வயல் கிடையாது. அதனால் எவர் வயலுக்கும் கூட்டிக் குறைத்து விட வேண்டிய தேவையும் இல்லை.

இதை முன்னோரின் அறிவு என்று மெச்சிப் பேசுவார்கள். என்னால் முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. தென் மாவட்டங்களில் நீர்க்கட்டிகளாக இருப்பவர்களில் பலர் தலித்துகள். அவர்களுக்கு நிலமில்லாமல் போனது யாரும் யோசித்துச் செய்த ஏற்பாடு அல்ல. ஊருக்கெல்லாம் தண்ணீர் பங்கிடும் மனிதர் ஊர்க்கூட்டத்தில் ஓரமாக நின்றதை நீயும் பார்த்தாய். அன்று இரவு நீ சாப்பிடாமல் படுத்துவிட்டாய்.

வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையையும் வரத்துக்காலையும் சீர்செய்யும் குடிமராமத்தும் முன்னோர் வழியாக வந்த வழக்கம்தான். ஆங்கிலேயர் 1858இல் அதைக் கட்டாய உழைப்புச் சட்டமாக்கிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. 2017இல் தமிழக அரசு அதே பெயரில் திட்டம் கொண்டுவந்தது. செலவில் பத்தில் ஒரு பங்கு விவசாயிகளுடையது. தூர் வாரியது நல்லதுதான். ஆனால் ஏறத்தாழ 39,000 ஏரி, கண்மாய்கள் உள்ள மாநிலத்தில், ஆழப்படுத்திய பிறகு மடையில் நிற்கப்போவது யார் என்று எந்த மதிப்பீட்டில் எழுதுகிறார்கள்?

எங்கள் ஊரில் அந்தக் கேள்வி வந்துவிட்டது. எங்கள் நீர்க்கட்டிக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். இந்த வேலைக்கு வர மாட்டேன் என்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிணறும் மோட்டாரும் உள்ளவர்கள் நெல் அளப்பதையே நிறுத்திவிட்டார்கள். கண்மாய் பெருகினால்தான் அவர்கள் கிணறும் ஊறும் என்பது அவர்களுக்குத் தெரியாததல்ல.

போன மாதக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசினேன். குரல் நடுங்கியது. கிணற்றுக்காரர்களும் பாதி அளவு நெல் தர வேண்டும், கண்மாய் மீன் குத்தகைப் பணத்தில் அவருக்கு மாதச் சம்பளம் ஒதுக்க வேண்டும், முறை வைக்கும்போது அவரும் உட்கார்ந்து பேச வேண்டும் என்று கேட்டேன். சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். நெல்லுக்கு இரண்டு வீட்டார் இன்னும் இசையவில்லை. மூன்றாவதுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. நான் என் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன். சற்றுத் தயங்கி, உட்கார்ந்தார்.

தை அறுவடைக்கு அவசியம் வா. உன் படிவத்தையும் எடுத்து வா. அவரோடு கரையில் ஒருமுறை நடந்துவிட்டுப் பிறகு நிரப்பலாம்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்