தவணைக்கு விற்ற வீட்டின் கடன் பத்திரத்தை விற்க நினைப்பவர்களுக்கு

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

டெக்சாஸில் வாடகைக்கு விட்டிருந்த வீட்டை வங்கிக் கடன் கிடைக்காத ஒருவருக்கு விற்று, விலையில் ஒரு பகுதியை முன்பணமாகப் பெற்றுக்கொண்டு, மீதிக்குப் புரோநோட்டும் (கடன் பத்திரம்) அடமானப் பத்திரமும் எழுதி வாங்கியவர்கள் பலர், ஓரிரு ஆண்டுகள் கழித்து அந்த நோட்டை விற்றால் என்ன கிடைக்கும் என்று, இத்தகைய நோட்டுகளை வாங்கும் எங்களிடம் கேட்கிறார்கள். நாங்கள் சொல்லும் தொகை பெரும்பாலோருக்கு ஏமாற்றமாகவே இருக்கிறது. பாக்கி அசலுக்கும் எங்கள் விலைக்கும் இடையே ஏன் அவ்வளவு வித்தியாசம் என்பதையும், அந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி நோட்டு எழுதிய நாளிலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பதையும் விளக்கவே இந்த மடலை எழுதுகிறோம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 3,00,000 டாலருக்கு விற்ற வீட்டுக்கு 60,000 டாலர் முன்பணம் பெற்று, மீதி 2,40,000 டாலரை 6 சதவீத வட்டியில் 30 ஆண்டுத் தவணைக்கு விட்டால், மாதத் தவணை சுமார் 1,439 டாலர். இரண்டு ஆண்டுகள் ஒழுங்காகக் கட்டிய பிறகு பாக்கி அசல் சுமார் 2,33,900 டாலராக இருக்கும். ஆனால் நோட்டை வாங்குகிறவருக்கு 9 சதவீத வருமானம் வேண்டுமென்றால், எஞ்சிய 336 தவணைகளுக்காக அவர் இன்று தரக்கூடியது ஏறத்தாழ 1,76,300 டாலர்தான். வீட்டை வாங்கியவரின் நாணயத்தில் சந்தேகம் கொண்டோ வீட்டைக் குறைத்து மதிப்பிட்டோ இந்தத் தொகை வருவதில்லை. 28 ஆண்டுகளுக்குச் சிறுகச் சிறுக வரப்போகும் பணத்தை 6 சதவீதத்தில் எழுதி வாங்கி 9 சதவீதத்தில் விற்பதன் விளைவு அது.

அதே நோட்டில், தவணையை 30 ஆண்டுக் கணக்கிலேயே வைத்துக்கொண்டு, ஐந்தாம் ஆண்டு முடிவில் பாக்கி முழுவதையும் ஒரே தொகையாகக் கட்டிவிட வேண்டும் என்று ஒரு வரி எழுதப்பட்டிருந்தால், அதே 9 சதவீத வருமானக் கணக்கில் விலை ஏறத்தாழ 2,15,900 டாலராக உயர்கிறது. ஒரே ஒரு வரிக்கு விலை கிட்டத்தட்ட 40,000 டாலர். இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். வீட்டை வாங்குகிறவர் தாமே குடியிருக்கப் போகும் வீடாக இருந்தால், 2010ஆம் ஆண்டின் டாட்-ஃபிராங்க் சட்டத்தையொட்டி (அமெரிக்க நிதிச் சீர்திருத்தச் சட்டம்) வகுக்கப்பட்டு 2014 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிகள், கடன் ஏற்பாட்டாளர் உரிமம் இல்லாமல் விற்பவரே கடன் கொடுப்பதற்கு இரண்டு வழிகளை மட்டும் விட்டுவைத்திருக்கின்றன. பன்னிரண்டு மாதங்களில் ஒரே ஒரு வீட்டை விற்கும் தனிநபருக்கோ குடும்ப டிரஸ்டுக்கோ மொத்தத் தொகை கேட்கும் நிபந்தனை அனுமதிக்கப்படுகிறது. மூன்று வீடுகள் வரை விற்பவருக்கான விலக்கில் அது அனுமதிக்கப்படுவதில்லை, வாங்குகிறவரால் கட்ட முடியுமா என்பதையும் விற்பவர் நேர்மையாக ஆராய்ந்திருக்க வேண்டும். நம்மவர்களில் பலர் வாடகை வீடுகளை எல்எல்சி (வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள நிறுவனம்) பெயரில் வைத்திருக்கிறார்கள். எல்எல்சி தனிநபர் அல்ல என்பதால் முதல் விலக்கு அதற்குக் கிடைக்காது. இரண்டிலுமே, வட்டி ஐந்து ஆண்டுகளாவது மாறாமல் இருக்க வேண்டும். ஆகவே, இணையத்தில் கிடைத்த மாதிரிப் பத்திரத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்குவதைவிட, வழக்கறிஞருக்குச் சில நூறு டாலர் கொடுப்பது மேல் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஏற்கெனவே நோட்டு எழுதியாகிவிட்டதென்றால், முழுவதையும் விற்பதற்கு முன் பகுதி விற்பனையைப் பற்றி யோசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். முழு நோட்டையும் வாங்குவதில்தான் எங்களுக்கு ஆதாயம் அதிகம் என்பதால், இது எங்கள் வியாபாரத்துக்கு எதிராக நாங்களே பேசுவதுபோல் தோன்றலாம். மேலே சொன்ன முதல் நோட்டில், அடுத்து வரும் 60 தவணைகளை மட்டும் விற்றால், அதே 9 சதவீதக் கணக்கில் இன்று சுமார் 69,300 டாலர் கைக்கு வரும். ஐந்து ஆண்டுகள் கழிந்ததும் நோட்டு உங்களிடமே திரும்பும், அப்போது அதில் பாக்கி அசல் 2,15,100 டாலருக்குச் சற்று மேல் இருக்கும். பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு 60,000 டாலர் தேவைப்படுகிறவர், அதற்காக 57,000 டாலருக்கும் மேல் தள்ளுபடி கொடுத்து முழு நோட்டையும் விற்க வேண்டிய அவசியமில்லை. இடையில் வீட்டை வாங்கியவர் கடனை முன்கூட்டியே அடைத்துவிட்டால் யாருக்கு எவ்வளவு, தவணை நின்றுபோனால் ஏலம் விடும் பொறுப்பு யாருடையது என்பவை ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்க வேண்டும். பகுதி விற்பனையில் சச்சரவுகள் பெரும்பாலும் இந்த இரண்டில்தான் முளைக்கின்றன.

விலையைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் மற்ற விஷயங்கள் பெரும்பாலும் காகிதம் சார்ந்தவை. தவணை வந்ததற்கு வங்கிக் கணக்கு அறிக்கை வேண்டும். கையில் ரொக்கமாக வாங்கியதாகச் சொல்வதை எந்த முதலீட்டாளரும் ஏற்பதில்லை. சொத்துவரி பாக்கியில்லாமல் கட்டப்பட்டிருப்பதும், வீட்டுக் காப்பீட்டில் அடமானம் பெற்றவராக உங்கள் பெயர் இருப்பதும், உங்கள் அடமானம் கவுண்டி (மாவட்டம்) அலுவலகத்தில் முதல் அடமானமாகப் பதிவாகியிருப்பதும் அவசியம். மாநிலமும் விலையைப் பாதிக்கிறது: டெக்சாஸில் நீதிமன்றத்துக்குப் போகாமல் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை நடக்கும் ஏலத்தில் வீட்டை விற்க முடியும், நியூ ஜெர்சியிலும் ஃபுளோரிடாவிலும் வழக்குத் தொடுத்தே ஆக வேண்டும் என்பதால் அங்குள்ள நோட்டுகளுக்கு முதலீட்டாளர்கள் கூடுதல் வருமானம் கேட்கிறார்கள். உங்கள் பழைய வங்கிக் கடன் தீராமலே அதன்மேல் எழுதப்பட்ட நோட்டுகளை நாங்கள் வாங்குவதில்லை. வீடு கைமாறினால் கடன் முழுவதையும் உடனே கேட்கும் உரிமை வங்கிகளுக்கு உண்டு என்பதை 1982ஆம் ஆண்டின் கார்ன்-செயின்ட் ஜெர்மெய்ன் சட்டம் உறுதிசெய்திருக்கிறது.

வரியைப் பற்றி ஒன்று. தவணை விற்பனையாகக் கணக்குக் காட்டி, படிவம் 6252 மூலம் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக ஆதாயவரி கட்டிவருகிறவர்கள், நோட்டை விற்கும் ஆண்டில், ஒத்திப்போட்ட ஆதாயத்தை, விற்ற விலைக்கு ஏற்ப, அந்த ஆண்டுக் கணக்கிலேயே காட்ட வேண்டியிருக்கும். பகுதி விற்பனை எழுதப்படும் விதத்தைப் பொறுத்து விளைவு மாறலாம் என்பதால், எங்களுடன் கையெழுத்திடும் முன் உங்கள் கணக்காளரிடம் வரைவைக் காட்டுங்கள்.

விலை மதிப்பீட்டுக்கு புரோநோட்டு, பதிவான அடமானப் பத்திரம், விற்பனை முடித்த நாளின் கணக்குத்தாள், கடைசிப் பன்னிரண்டு மாதத் தவணை வரவு, காப்பீட்டுப் பக்கம் ஆகியவற்றின் நகல்கள் போதும். மை கையெழுத்துள்ள அசல் நோட்டை எங்களுக்கோ வேறு யாருக்கோ தபாலில் அனுப்ப வேண்டாம். நோட்டின் பின்புறம் எழுதிக் கொடுப்பதும் அடமான மாற்றுப் பத்திரத்தில் கையெழுத்திடுவதும் டைட்டில் நிறுவனத்தில் (சொத்துரிமையைச் சரிபார்த்து, பணத்தைப் பொறுப்பில் வைத்துக் கைமாற்றும் நிறுவனம்), பணம் அவர்கள் கணக்குக்கு வந்துசேர்ந்த பிறகே நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
நிறுவனத்தார்