மழையே இல்லாத நாளில் மழைநீர் வடிகாலில் என்ன ஓடுகிறது?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழில், சென்னையின் தென்புறநகரில் இருக்கும் எங்கள் சிட்லபாக்கம் ஏரியின் படம் ஒன்று வந்திருந்தது. கரையில் நடைபாதை, காலை வெயில், நடுவில் இரண்டு நீர்க்காகம், பார்க்க அழகாகத்தான் இருந்தது. கோடையிலும் ஏரி தளும்பி நிற்கிறது என்று மகிழ்ச்சியோடு எழுதியிருந்தீர்கள். எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்துக்குக் கைதட்டல் பொம்மைகளாக வந்து குவிந்தன. எனக்கு மட்டும் கொஞ்சம் வயிற்றைக் கலக்கியது. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம், நீளமாகிவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் வடிகால் பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

ஏரி என்பது குளிர்பதனப் பெட்டியில் வைத்த தண்ணீர் பாட்டில் மாதிரி வருடம் முழுக்க நிரம்பியே இருக்க வேண்டிய பொருள் இல்லை. எங்கள் ஏரி பாசனத்துக்காக வெட்டியது. ஐப்பசி கார்த்திகையில் நிரம்பும், கலங்கல் என்கிற உபரிநீர்ப் போக்கி வழியாக மிச்சம் செம்பாக்கம் ஏரிக்குப் போகும், அங்கிருந்து அடுத்தடுத்த ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு. தை மாசியில் மதகைத் திறந்து வயலுக்கு விடுவார்கள். சித்திரையில் தரை தெரியும், வெடிக்கும், வண்டல் மண்ணை வண்டியில் அள்ளிப்போய் வயலில் கொட்டுவார்கள். அடியில் சேர்ந்த சேறு வருடத்துக்கு ஒருமுறை வெயிலில் காய்ந்து போய்விடும், ஏரி புதுசாகிவிடும். இப்போது வயலும் இல்லை, மதகைத் திறக்க ஆளும் இல்லை. மழை பெய்து ஐந்து மாதம் ஆகிறது, வெயில் ஆளைக் கொளுத்துகிறது, அப்படியும் ஏரி இறங்கவில்லை என்றால் எங்கிருந்தோ தினமும் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்றுதானே அர்த்தம்? அது என்ன தண்ணீர் என்று யாரும் கேட்பதில்லை. தண்ணீர் இருக்கிறதே, போர் வற்றாதே, அந்தச் சந்தோஷம்.

இந்த ஊருக்கு நாங்கள் வந்தது 2003-இல். 80 ஏக்கருக்கு மேல் இருந்த ஏரி என்று பழைய ஆட்கள் சொல்வார்கள், இப்போது 50-க்கும் கீழே. சுருங்கிய கதையை இங்கே எழுதப் போவதில்லை, அதை உங்கள் நாளிதழே பலமுறை எழுதிவிட்டது. கரையோரம் வருடக்கணக்கில் குப்பை கொட்டப்பட்டதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 2019 கோடை வந்தது. சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் எல்லாம் வற்றி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அந்த வருடம். எங்கள் ஏரியும் காய்ந்தது. எங்கள் ஊர்க்காரர்களின் ‘சிட்லபாக்கம் ரைசிங்’ அமைப்பினர் கூப்பிட, ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரே மண்வெட்டியோடு உள்ளே இறங்கியது. ஐ.டி. கம்பெனி பிள்ளைகள், ரிட்டயர்டு ஆட்கள், பள்ளிக்கூடப் பசங்கள், நான், என் மனைவி எல்லோரும். அந்தச் சத்தத்துக்குப் பிறகுதான் ஏரியைச் சீரமைக்க அரசு 25 கோடி ரூபாய் ஒதுக்கியது. கரை பலமானது, நடைபாதை வந்தது. இதெல்லாம் சும்மா வந்ததில்லை, ஜனங்கள் விடாமல் நச்சரித்ததால் வந்தது, அதில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் அன்றைக்கு ஏரிக்குள் நான் பார்த்தது வேறு ஒன்று. தரை முழுக்கக் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது, ஒரே ஒரு மூலையில் மட்டும் கறுப்பாக, நைப்பாக, ஒரு நாக்கு மாதிரி ஈரம் நீண்டு கிடந்தது. அதைச் சுற்றி மட்டும் பச்சை. பிளாஸ்டிக் பொறுக்கிக்கொண்டே போனவன் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன். வரத்து வாய்க்கால். அதற்கு மேலே சிமெண்ட் வடிகால். ஊரே குடத்தோடு லாரிக்கு நிற்கிற ஜூன் மாதத்தில், மழைநீர் வடிகாலில் சாம்பல் நிறத்தில் சோப்பு நுரையோடு தண்ணீர் நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. மூடியில் இருந்த ஓட்டைகள் வழியாகப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு தெருவாகப் போனேன். கடைசியில் போய் நின்றது எங்கள் தெரு.

இனிமேல்தான் சொல்லக் கூச்சமான விஷயம். அந்தத் தெருவில் வடிகாலுக்குள் குழாய் விட்ட வீடுகளில் என் வீடும் ஒன்று.

நடந்தது இதுதான். இந்தப் பக்கம் வீடு கட்டினவர்கள் எல்லோரும் நம்பியது செப்டிக் டேங்கைத்தான். டேங்கிலிருந்து வழிகிற தண்ணீர் உறிஞ்சு குழிக்குள் இறங்கி மண்ணில் வடிய வேண்டும். கோடையில் வடியும். ஏரிக்குப் பக்கத்து மனை, மழைக்காலத்தில் நிலத்தடி நீர் நாலடிக்கு ஏறிவிடும், அப்போது குழி எங்கே உறிஞ்சும்? குழியிலிருந்துதான் திரும்பி வரும். ஒரு கார்த்திகையில் குளியலறைத் தரையில் கறுப்புத் தண்ணீர் மேலே வந்தது, வீட்டில் அம்மா படுத்த படுக்கை. வந்து பார்த்த கொத்தனார், “தெருவுல எல்லாரும் போட்டுட்டாங்க சார், நீங்கதான் பாக்கி” என்றார். டேங்கின் மேல்பக்கத்திலிருந்து நாலு இஞ்ச் குழாய், சுவரைத் துளைத்து வெளியே, வடிகாலுக்குள். ஒரு ராத்திரி வேலை. விடிந்ததும் குளியலறை காய்ந்திருந்தது. அதன் பிறகு பல வருடம் அந்தக் குழாயை நான் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கையுறை போட்டுக்கொண்டு ஏரியில் ஆகாயத்தாமரை பிடுங்கப் போவேன், பிடுங்கி முடித்து வீட்டுக்கு வந்து குளிப்பேன். அந்தக் குளித்த தண்ணீரும் மற்றதும் எங்கே போயிற்று என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகாயத்தாமரையைப் பற்றி நாலு வரி. அதை எல்லோரும் எதிரி மாதிரி பேசுகிறார்கள். அது நம் வீட்டுக் கழிவைத் தின்று வளர்கிற செடி. கழிவுநீரில் இருக்கிற தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும்தான் (பாஸ்பரஸ்) அதற்குச் சாப்பாடு, சாப்பாடு போடுவதை நிறுத்தாமல் செடியைப் பிடுங்கினால் இரண்டு மூன்று வாரத்தில் பழையபடி மூடிக்கொள்ளும். ஒரு கட்டு தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அத்தனையும் தண்ணீர், இடுப்பு போய்விடும். அப்படித் தூக்கிக் கரையில் குவித்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய்விடுகிறோம். வண்டி வைத்து அப்புறப்படுத்தாவிட்டால் அந்தக் குவியல் அழுகி அடுத்த மழையில் திரும்ப ஏரிக்குள்ளேயே இறங்கும். நாம் வெளியே எடுத்த சத்தை நாமே திருப்பிக் கொடுத்த மாதிரி.

இன்னொன்று, விடியற்காலையில் மீன் மேலே வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? நடைபயிற்சிக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து ரசிக்கிறார்கள், ஒருத்தர் பேரனைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். ஜிலேபிக் கெண்டைகள் நூற்றுக்கணக்கில் வாயை மட்டும் தண்ணீருக்கு வெளியே நீட்டி, கப் கப் என்று திறந்து மூடும். அது விளையாட்டு இல்லை, மூச்சுத் திணறல். பகலில் பாசி வெயிலில் ஆக்சிஜன் விடும், ராத்திரியில் அதே பாசி ஆக்சிஜனை இழுக்கும், அடியில் அழுகுகிற சேறும் இழுக்கும், விடிவதற்குள் மீனுக்கு ஒன்றும் மிஞ்சாது. மீன் வளர்கிற நீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராமாவது கரைந்த ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கிற அளவு. அதைப் பகல் 11 மணிக்கு வந்து அளந்தால் பாசி பிடித்த ஏரிகூட ஜம்மென்று தேர்ச்சி பெற்றுவிடும். சோதனைக்குத் தண்ணீர் எடுப்பவர்கள் ஒருநாள், ஒரே ஒருநாள், காலை ஐந்தரைக்கு வரட்டும்.

சரி, என் குழாய்க்கு வருகிறேன். 2019 ஆகஸ்டில் அதை அடைத்தேன். அடைப்பது சுலபம், ஒரு மூடியும் கொஞ்சம் சிமெண்டும் போதும், அதன் பிறகு வாழ்வதுதான் கஷ்டம். குளிக்கிற, துணி துவைக்கிற தண்ணீரைக் கழிப்பறைத் தண்ணீரிலிருந்து பிரித்துப் பின்பக்கம் விட்டோம், அங்கே இரண்டு வாழையும் ஒரு வரிசை கல்வாழையும். அதிலேயே டேங்குக்கு வருகிற தண்ணீர் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. மூன்று வருடமாகத் திறக்காத டேங்கை லாரி வைத்துச் சுத்தம் செய்தோம். அப்படியும் ஐப்பசி, கார்த்திகையில் டேங்க் நிரம்புகிறது, லாரியைக் கூப்பிடுகிறோம், காசு கொடுக்கிறோம். எங்கள் தெருவில் காலையில் ஒரு லாரி குடிதண்ணீர் கொண்டுவருகிறது, சாயங்காலம் ஒரு லாரி கழிவை எடுத்துக்கொண்டு போகிறது, நடுவில் நாங்கள் குடியிருக்கிறோம்.

தனி வீட்டுக்காரன் எனக்கே இப்படி. பன்னிரண்டு ஃப்ளாட் இருக்கிற அடுக்குமாடியில் போய் “குழாயை அடையுங்கள்” என்று சொன்னால் என்ன சொல்வார்கள்? சொன்னேன். வாடகைக்கு இருப்பவர்கள் உரிமையாளரைக் கேளுங்கள் என்றார்கள், உரிமையாளர் அசோசியேஷனைக் கேளுங்கள் என்றார், அசோசியேஷன் செயலாளர் என் வீட்டுக் குழாயைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். அதோடு பேச்சு முடிந்தது. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கழிவுநீருக்கு ஒரு வழி காட்டாமல், இருக்கிற ஒரே வழியை அடை என்றால் யார் கேட்பார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வேலையை நிறுத்த வேண்டாம், ஆனால் அந்த ஆட்பலத்தில் பாதியை ஏரிக்குள்ளே இறக்காமல் தெருவுக்குள்ளே இறக்க வேண்டும். எந்த வடிகால், எந்த வீட்டு வாசல், எத்தனை குழாய் என்று மழையில்லாத மாதத்தில் ஒரு கணக்கு எடுத்தாலே போதும். பெயர் போட்டு யாரையும் அவமானப்படுத்த வேண்டாம், குழாய் எண்ணிக்கை மட்டும். அந்தக் கணக்கு கையில் இருந்தால், தினமும் எவ்வளவு கழிவு வருகிறது, அதைப் பிடிக்க ஏரியின் வாய் அருகே எவ்வளவு பெரிய சுத்திகரிப்பு நிலையம் வேண்டும், பாதாளச் சாக்கடை இணைப்பை எந்தத் தெருவுக்கு முதலில் கொடுக்க வேண்டும் என்று கேட்க முடியும். சும்மா “ஏரியைக் காப்பாற்றுங்கள்” என்று பேனர் பிடித்தால் கரைக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுப்பார்கள், அடித்துக் கொடுத்தும் இருக்கிறார்கள்.

நடக்காத காரியம் ஒன்றும் இல்லை. பெங்களூரு ஜக்கூர் ஏரியில் கழிவுநீரை முதலில் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் விட்டு, அங்கிருந்து கோரை வளர்ந்த சதுப்பு வழியாக நடக்கவிட்டு, அதற்கு அப்புறம்தான் ஏரிக்குள் சேர்க்கிறார்கள். அந்த ஏரியைக் கண்காணிக்க அங்கே குடியிருப்பவர்களே ஒரு டிரஸ்ட் வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்து ஊர் செம்பாக்கம் ஏரியிலும் கேர் எர்த் டிரஸ்ட் என்கிற சுற்றுச்சூழல் அமைப்பு, ஐ.ஐ.டி. மெட்ராஸ் போன்றவர்கள் சேர்ந்து சீரமைப்பு வேலை செய்தார்கள். எங்கள் ஏரி வழிந்தால் அங்கேதான் போகும். மேலே நாங்கள் கழிவை விட்டுக்கொண்டே இருந்தால், கீழே அவர்கள் எத்தனை முறை சுத்தம் செய்ய முடியும்? அதற்கும் கீழே பள்ளிக்கரணை, 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இடம். உலகத்து முக்கியமான சதுப்பு நிலங்களில் ஒன்று என்று பலகை வைத்திருக்கிறோம், என் வீட்டுக் குளியலறைக்கும் அதற்கும் நடுவில் சில ஏரிகள்தான் தூரம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை படக்காரரை அனுப்பும்போது ஞாயிற்றுக்கிழமை அனுப்பாதீர்கள், அன்றைக்கு நாங்கள் எல்லோரும் டி-சர்ட் போட்டுச் சிரித்துக்கொண்டு நிற்போம். வாரநாளில், ஒரு மாதமாக மழையே பெய்யாத சமயமாகப் பார்த்து, காலை ஏழு மணிக்கு அனுப்புங்கள். ஊர் முழுக்கக் குளிக்கிற நேரம் அது. நடைபாதைக்குப் போக வேண்டாம், ஏரிக்குள் வடிகால் வந்து விழுகிற வாயண்டை நிற்கச் சொல்லுங்கள். மூக்கைப் பிடித்துக்கொள்ள ஒரு கைக்குட்டை எடுத்துவரட்டும். கூடவே வந்து வழி காட்ட நான் தயார், எங்கள் தெரு வரைக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சிட்லபாக்கம்