'க' மங்காத வேகம்

கண்ணு,

ரிப்போர்ட் பார்த்தேன். உன் தலைசுற்றலுக்குக் காரணம் இடது காதின் சமநிலை நரம்பு அழற்சி என்று டாக்டர் சொன்னது சரிதான். வாந்தி நின்ற பிறகும், தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் தந்த ஸ்டெமெட்டில் மாத்திரையை விடப் பயமாக இருக்கிறது என்கிறாய். அந்த மாத்திரை முதல் இரண்டு மூன்று நாளுக்குத்தான். அதற்குமேல் போட்டால் மூளையும் மந்தமாகி, ஒரு காது குறைத்துச் சொல்லும் சேதியை ஈடுகட்டப் பழகாது. டாக்டரைக் கேட்டு நிறுத்து. தலையை அசைக்காமல் பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பதும் அதே கெடுதல்தான்.

மூளையைப் பழக்க ஒரு பயிற்சி சொல்கிறேன். ஓர் அட்டையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு 'க' எழுதி, கண் மட்டத்தில், கை நீட்டும் தூரத்தில் வெற்றுச் சுவரில் ஒட்டு. தினசரி காலண்டரின் பெரிய எண் வேண்டாம். மங்கினாலும் தெரிந்துவிடும், ஏமாந்துபோவாய். உட்கார்ந்து, எழுத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், 'இல்லை இல்லை' என்பதுபோல் தலையை இருபக்கமும் 20, 30 டிகிரி திருப்பு. ஒரு நிமிடம். அடுத்து 'ஆமாம்' என்று மேலும் கீழும் ஒரு நிமிடம். ஒரு வேளைக்கு இரண்டு சுற்று. மூன்று வேளைக்கு 12 நிமிடம். அதற்குக் குறையாதே.

வேகம்தான் சூட்சுமம். 'க'வின் சுழி தெளிவாகத் தெரிகிற வரைக்கும் கூட்டு. எழுத்து குதித்தால் குறை. நிறைய பேர் தோளையும் சேர்த்துத் திருப்புவார்கள். நீ தலையை மட்டும் திருப்பு. லேசான கிறுகிறுப்பு வரத்தான் வேண்டும், அந்தத் தடுமாற்றத்தை வைத்துத்தான் மூளை திருத்திக்கொள்ளும். ஆனால் 20 நிமிடத்தில் அடங்கணும். அடங்காவிட்டால் அடுத்த வேளை பாதி நேரம் செய். சுலபமானதும் நின்று செய். பிறகு அட்டைக்குப் பின்னால் பூப்போட்ட சேலையைத் தொங்கவிடு.

நிற்கும் பயிற்சிக்கு அறை மூலையில் முதுகைக் காட்டி நில், முன்னால் ஒரு நாற்காலி. பாதங்களைச் சேர்த்து 30 விநாடி, கண் திறந்து, அடுத்து மூடி. தடுமாறாமல் வந்தால் மடித்த கம்பளிமேல். மெத்தென்ற தரையில் கண்ணையும் மூடினால் காதைத் தவிர வேறு துணையில்லை. இருட்டில் நீ தள்ளாடுவதும் இதனால்தான்.

படுக்கையில் புரண்டால் மட்டும் அரை நிமிடம் சுற்றினால் அது காதுக்குள் துகள் நகர்ந்தது. வைத்தியம் வேறு, டாக்டரிடம் சொல். பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கை கால் மரத்துப்போவது, நிற்கவே முடியாமை, திடீரென்று காது கேட்காமை, இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. பிறகு எனக்குப் போன் பண்ணலாம்.

ராத்திரி பாத்ரூம் விளக்கை அணைக்காதே.

அம்மா